கல்லங்குறிச்சிக்குக் கீழே ஒரு கடல்

(பெரம்பலூர் – அரியலூர் பயணத் தொடர்: 7)

சென்ற வாரம் பச்சைமலை அடிவாரத்தில் நின்றோம். அங்கிருந்து கிழக்கே வந்து அரியலூரைத் தாண்டினால் கல்லங்குறிச்சி. ராமநவமி சமயத்தில் இந்தச் சாலையில் கால் வைக்க இடமிருக்காது. கலியுக வரதராசப் பெருமாளுக்குத் திருவிழா. குடும்பம் குடும்பமாக வந்து மொட்டை போடுகிறார்கள். வயலில் விளைந்ததில் ஒரு பங்கைப் பெருமாளுக்கென்று கொண்டுவந்து கொட்டுகிறார்கள். நேர்ந்துவிட்ட ஆடு மாடுகளும் வந்து சேரும்.

இங்கே மூலவர் ஒரு கல் கம்பம். மங்கான் என்பவரின் பசு காணாமல் போய், தேடிப் போனபோது காட்டில் விழுந்து கிடந்த கம்பத்தின்மேல் பாலைச் சொரிந்துகொண்டு நின்றதாம். வேறெங்கோ கோயில் கட்ட வண்டியில் ஏற்றிப் போன கம்பம் அது. அச்சு முறிந்ததால் இங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள் என்பது தலவரலாறு. மாடு மேய்த்தவர் கண்டெடுத்த சாமி. இந்தப் பக்கத்துச் சம்சாரிகள் இவரிடம் இவ்வளவு உரிமையோடு வந்து நிற்பதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இதே ஊரின் பெயரை உலகெங்கும் புவியியல் படித்தவர்கள் இன்னொரு கல்லுக்காகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். ஆய்வுநூல்களில் 'கல்லங்குறிச்சி பாறைத்தொகுதி' என்றால், சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கிடந்த கடலின் தரை. இந்தியத் துண்டு தெற்கே அண்டார்டிகாவை விட்டுப் பிரிந்தபின், அதன் கிழக்கு ஓரம் தாழ்ந்து கடல் உள்ளே ஏறியது. மேற்கே பழைய மலைப்பாறை, கிழக்கே அலை. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் வரைபடத்தை இப்படிப் பார்த்துவிட்டால் பிறகு வேறு மாதிரி பார்க்க முடிவதில்லை.

சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெட்டிய சுவரைக் கிட்டப் போய்ப் பார்த்தால், கல்லுக்குள் சிப்பி என்று சொல்லவே தோன்றாது. சிப்பிதான் கல்லாகியிருக்கிறது. கிரைபியா என்கிற சிப்பி அடுக்கடுக்காகக் கிடக்கிறது. குவித்த உள்ளங்கை போல ஒரு பக்க ஓடு வளைந்து தடித்திருக்கும்; மறுபக்க ஓடு தட்டையான மூடி. கனமான பக்கத்தைச் சேற்றில் அழுத்தி, மூடியை மேலே வைத்து வாழ்ந்த உயிர். ஓட்டின்மேல் அது வளர்ந்த வரிகளை விரலால் தடவிப் பார்க்கலாம். இந்த வட்டாரத்துப் பாறைகளைப் பற்றிப் புவியியலாளர் பிளான்ஃபோர்டு 1862-இல் எழுதினார்; இங்கு கிடைத்த உயிரினங்களைப் புதைபடிவ ஆய்வாளர் ஸ்டோலிச்கா பல ஆண்டுகள் உட்கார்ந்து விவரித்தார். அந்தச் சிப்பிகளின் காலத்துக்குப் பின் கடல் வற்றி விலகியது. ஆறுகள் வண்டல் கொட்டின. அந்த வண்டலில், கல்லமேட்டில், டைனோசர் எலும்புகள் கிடைத்தன.

சிப்பி ஓடு முழுக்கச் சுண்ணாம்பு, ஆகவே சிமெண்ட். அரியலூரில் அரசு சிமெண்ட் ஆலை 1979 முதல் ஓடுகிறது. தனியார் ஆலைகளும் சுற்றிலும் இருக்கின்றன. வேலையும் கூலியும் அதில்தான். சுரங்கத்தை மூடு என்று யாரும் கேட்கமாட்டார்கள், நானும் கேட்கவில்லை. ஆனால் வெட்டி முடித்த குழியில் தண்ணீர் நிற்பதற்கு முன், ஒரே ஒரு சுவரை அப்படியே விட்டுவைக்கலாம். இறங்கிப் பார்க்கப் பாதை, நிழலுக்கு ஒரு கொட்டகை, தமிழில் ஒரு பலகை போதும். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 1940-இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த 18 மீட்டர் நீளக் கல்மரத்தைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக்கி வேலி போட்டுக் காத்ததால்தான் இன்றைக்கும் பிள்ளைகள் பேருந்தில் வந்து பார்க்கிறார்கள். கல்லங்குறிச்சிக்கோ திருவிழாவுக்கு வரும் ஆயிரக்கணக்கான பேர் ஏற்கெனவே இருக்கிறார்கள். சாமி கும்பிட்டு வந்தவர்களுக்கு, தாங்கள் மிதித்து நிற்பது கடல்தரை என்று சொல்ல ஆள்தான் இல்லை.

அதுவரை, அனுமதியில்லாமல் யாரும் சுரங்கத்துக்குள் இறங்க வேண்டாம்; வெடி வைக்கிற இடம். இந்தச் சிப்பிகளையும், அதே கடலில் வாழ்ந்த சுருள் ஓட்டு உயிர்களான அம்மோனைட்டுகளையும் பார்க்க விரும்புகிறவர்கள், அரியலூரிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில் வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்குப் போகலாம். காலையில் பெருமாளைச் சேவித்துவிட்டுப் புறப்பட்டால் ஒரே நாளில் இரண்டும் முடியும்.