இயர்போன் வாங்கும் முன் காதை நினையுங்கள்



இந்த முறை மருந்து மாத்திரையைப் பற்றி எழுதவில்லை. நம் பிள்ளைகள் காதில் மாட்டிக்கொண்டு திரிகிறார்களே, அந்த இயர்போனைப் பற்றி எழுதுகிறேன். சம்பளம் போட்ட வாரம் பாசார் மாலாமில் மலிவாக ஒன்று வாங்குகிறார்கள். வேர்வையும் மழையும் பட்டு இரண்டு மாதத்தில் ஒரு பக்கம் ஊமையாகிவிடுகிறது. மறுபடியும் ஒன்று வாங்குகிறார்கள். "ஐயா, எங்களை மாதிரி ஓடியாடுற ஆளுக்கு நீடிச்சு உழைக்கிறது எது?" என்று கிளினிக்கில் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் கேட்கிற ஆளே சில வேளை காதில் சீழோடும் வந்து நிற்கிறார். சாமானும் நீடிக்க வேண்டும், காதும் நீடிக்க வேண்டும். இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில், எங்கே மாட்டக்கூடாது?

வேலைக்காட்டில் மாட்டக்கூடாது. விலை உயர்ந்ததாக இருந்தாலும் கூடாது. செம்பனைக் குலை ஒன்று 20 கிலோவுக்கு மேலும் இருக்கும். அது விழும் முன் நமக்குக் கிடைக்கிற எச்சரிக்கை இரண்டுதான்: மட்டை முறிகிற சத்தம், "டேய், விலகு!" என்று கூட்டாளி போடுகிற சத்தம். இரண்டும் காது வழியாகத்தான் வர வேண்டும். பின்னால் வருகிற டிராக்டரும் அப்படித்தான். குனிந்து உதிரிப் பழம் பொறுக்குகிற அக்காமாருக்கும் இது பொருந்தும். மருந்தடிக்கிறவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. மருந்து பட்ட கையால் இயர்போனைத் தொட்டுக் காதில் சொருகினால், அந்த மருந்து நேராகக் காதுத் தோலுக்குப் போகிறது.

மோட்டார் சைக்கிள் ஓட்டும்போதும் வேண்டாம். சாயங்காலம் திடலில் ஓடுவது, உடற்பயிற்சி செய்வது, வீட்டுக்குப் பின்னால் காய்கறித் தோட்டம் கொத்துவது, இவற்றுக்கு மாட்டிக்கொள்ளலாம்.

வாங்கும்போது எதைப் பார்ப்பது?

1. பெட்டியில் உள்ள எண். ஆங்கிலத்தில் "ஐ.பி." என்ற இரண்டு எழுத்தும், அதன் பின் இரண்டு இலக்கமும் போட்டிருக்கும். முதல் இலக்கம் தூசிக்கு. 6 என்றால் தூசி உள்ளே போகாது. இரண்டாவது இலக்கம் தண்ணீருக்கு. 4 என்றால் எந்தப் பக்கமிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும். 5 என்றால் குழாயிலிருந்து பீய்ச்சுகிற தண்ணீரைத் தாங்கும். 7 என்றால் 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும். இலக்கத்துக்குப் பதில் "எக்ஸ்" என்று இருந்தால், அந்தச் சோதனைக்கு எண் கொடுக்கவில்லை என்று பொருள். வேர்வை வடிய ஓடுகிறவர்களுக்குத் தண்ணீர் எண் 4க்குக் குறையக்கூடாது. மண்ணிலும் புழுதியிலும் புழங்குகிறவர்களுக்கு 55 அல்லது 67 நல்லது. "வாட்டர்புரூப்" என்று வாயால் சொன்னால் போதாது, எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். இந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது. நம் வேர்வையில் உப்பு இருக்கிறது, அது உலோகத்தை அரிக்கும். ஆகவே எண் பெரியதாக இருந்தாலும் துடைத்துத்தான் வைக்க வேண்டும்.

2. காதில் நிற்கிற விதம். குதித்தால் விழுகிற சாமான், எத்தனை உறுதியானாலும் ஒரு நாள் உடையும். காதைச் சுற்றிக் கொக்கி போல் மாட்டுகிற வகை, ஓடுகிறவர்களுக்கு ஏற்றது. காதுத் துளைக்குள் போகிற வகையானால் சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று அளவு ரப்பர் மூடி கூட வர வேண்டும். இரண்டு காதும் ஒரே அளவு என்று நினைக்காதீர்கள். சரியாகப் பொருந்தினால் குறைந்த சத்தத்திலேயே பாட்டு தெளிவாகக் கேட்கும். பொருந்தாவிட்டால் சத்தத்தைக் கூட்டத் தோன்றும். காதுக்குக் கேடு அங்கேதான் தொடங்குகிறது.

3. காதை அடைக்காத வகை. இப்போது காதுக்கு முன்னால் உள்ள எலும்பில் வைத்துக் கேட்கிற கருவி கிடைக்கிறது. காதுத் துளை திறந்தே இருப்பதால் பின்னால் வருகிற வண்டிச் சத்தமும் கேட்கும். ரோட்டோரம் ஓடுகிறவர்களுக்கு இதுவே மேல். ஆனால் இதிலும் சத்தம் உட்காதுக்குத்தான் போகிறது. கூட்டி வைத்தால் இதுவும் கெடுதிதான்.

4. வயரும் பேட்டரியும். வயர் உள்ளதில் முதலில் அறுவது, போனில் சொருகுகிற முனைக்குப் பக்கத்தில்தான். அந்த இடத்தில் தடித்த, வளைந்து கொடுக்கிற ரப்பர் உறை இருக்கிறதா என்று மடக்கிப் பாருங்கள். வயரைக் கையில் இறுக்கிச் சுற்றி வைக்காதீர்கள். வயர் இல்லாததில் வேர்வையோடு சார்ஜ் பெட்டிக்குள் வைத்தால், சார்ஜ் ஏறுகிற உலோகப் புள்ளிகள் அரித்துப்போகும். ரசீதும் உத்தரவாதக் காகிதமும் தருகிற கடையில் வாங்குங்கள். நான்கு முறை மலிவாக வாங்குகிற காசுக்கு ஒரு முறை நல்லது வாங்கலாம்.

சத்தம் எவ்வளவு?

உட்காதில் மயிரிழை போன்ற நுண்ணிய உணர் அணுக்கள் இருக்கின்றன. சத்தத்தை மூளைக்குச் சொல்வது அவைதான். பெரிய சத்தம் அவற்றை வாட்டும், நாளாக நாளாகச் சாகடிக்கும். செத்தது மறுபடி முளைக்காது. மாத்திரையாலும் ஊசியாலும் திரும்பாது.

சத்தத்தை டெசிபல் என்று அளக்கிறோம். 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் என்பது எல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி, 94 என்றால் 1 மணி, 100 என்றால் 15 நிமிடம்தான். போனில் முழுச் சத்தம் வைத்தால் பல இயர்போன்கள் 100 டெசிபலை எட்டிவிடும். பாட்டுக் கேட்கிறவர்களுக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிற அளவு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம்.

அளக்கிற கருவி நம்மிடம் இல்லை. எளிய வழி: போன் சத்தத்தை முழு அளவில் 60 விழுக்காட்டுக்கு மேல் கூட்டாதீர்கள். கை எட்டும் தூரத்தில் நிற்கிறவர் சாதாரணமாகப் பேசுவது கேட்கவில்லை என்றால், சத்தம் அதிகம். கழற்றிய பின் காதில் "ங்ஙீ" என்று இரைச்சல் வந்தால், காது புகார் செய்கிறது என்று அர்த்தம்.

காதுப் புண்ணைத் தவிர்க்க

வேர்வை ஊறிய காதை மணிக்கணக்கில் அடைத்து வைத்தால் உள்ளே புழுங்கும். நம் ஊர் வெக்கையில் பூசணம் பிடிக்கவும் சீழ் வைக்கவும் அதுவே போதும். அரை மணிக்கு ஒரு முறை கழற்றிக் காற்றாட விடுங்கள். ரப்பர் மூடியைத் தனியாகக் கழற்றிச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பின் மாட்டுங்கள். அண்ணனுடையதைத் தம்பி மாட்டுவது வேண்டாம். காது அரித்தால் தீக்குச்சி, ஊக்கு விடுவதோ, காய்ச்சிய எண்ணெய் ஊற்றுவதோ கூடாது. வலியோ சீழோ கண்டால் இயர்போனை நிறுத்திவிட்டுக் கிளினிக்குக்கு வாருங்கள்.

இயர்போன் காதுக் கவசம் ஆகாது

புல்வெட்டி மிஷின் பிடிக்கிறவர்களும் எண்ணெய் ஆலையில் நிற்கிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். "மிஷின் சத்தம் தெரியாம இருக்கத்தான் பாட்டு போடுறேன்" என்கிறார்கள். மிஷின் சத்தம் பெரும்பாலும் 90 டெசிபலைத் தாண்டுகிறது. அதை அமுக்குகிற அளவுக்குப் பாட்டைக் கூட்டினால் காதுக்கு இரட்டை அடி. அங்கே வேண்டியது காதுக் கவசம் அல்லது காதடைப்பான்.

2019ஆம் ஆண்டு வந்த வேலையிட இரைச்சல் விதிகளின்படி, ஒரு நாள் வேலையின் இரைச்சல் அளவு 85 டெசிபலைத் தாண்டினால் முதலாளி காதுக் கவசம் தர வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை காதுப் பரிசோதனையும் செய்ய வேண்டும். இதற்குத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது. வேலை இரைச்சலால் செவி மங்கினால் அது தொழில் நோய். சொக்சோவில் மனுச் செய்யலாம். கவசம் தராத இடமிருந்தால் சங்கக் கிளைத் தலைவரிடம் சொல்லுங்கள். கொடுத்த இடத்தில், வெக்கையாக இருக்கிறது என்று கழுத்தில் தொங்கவிடாமல் காதில் போடுங்கள்.

செவி ஒரே நாளில் போவதில்லை. முதலில் பறவைச் சத்தம் மங்கும், பிறகு பேரப்பிள்ளையின் மழலை மங்கும். வீட்டில் "என்ன, என்ன?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறவர் இருந்தால், வயசாகிவிட்டது என்று விட்டுவிடாமல் காதுப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். இயர்போன் போனால் கடையில் வேறு கிடைக்கும். காதுக்குக் கடை இல்லை.