உங்களுக்குத் தெரியுமா? ஆலை நகரத்துக்கு எம்.பி. இல்லை!
19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பஞ்சாலைகளால் உலகப் புகழ் பெற்றிருந்த மான்செஸ்டருக்கு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் சொந்தமாக ஓர் உறுப்பினர்கூடக் கிடையாது. ஆனால், ஏறக்குறைய ஆளே குடியிராத ஓல்டு சாரம் என்ற மேட்டிலிருந்து இரண்டு பேர் போனார்கள்!

1819 ஆகஸ்ட் 16 அன்று, வாக்குரிமை கேட்டு மான்செஸ்டரின் செயின்ட் பீட்டர்ஸ் திடலில் சுமார் 60,000 பேர் திரண்டார்கள். நெசவாளர்கள், ஆலைத் தொழிலாளர்கள், குழந்தைகளோடு வந்த பெண்கள். கையில் ஆயுதமில்லாத அந்தக் கூட்டத்துக்குள் குதிரைப்படை வாளோடு புகுந்தது. குறைந்தது 15 பேர் மாண்டார்கள், நூற்றுக்கணக்கானோர் காயமடைந்தார்கள். மன்னிக்க முடியாத கொடுமை அது.

1832-இல் மான்செஸ்டருக்கு நாடாளுமன்றத்தில் இரண்டு இடங்கள் கிடைத்தன. வாக்கு மட்டும் சொத்துள்ள ஆண்களுக்கே. அந்த ஏமாற்றத்தில் பிறந்ததுதான் 1838-இன் மக்கள் சாசனம். அதன் ஆறு கோரிக்கைகளில், ரகசிய வாக்கெடுப்பு உட்பட ஐந்து பின்னாளில் நிறைவேறின.