பிறந்த நாட்டு பாஸ்போர்ட்டை விட்டு இந்தியாவுக்கு ஆடிய ஜப்பான் வீரர்

மைசூர், விஜயநகர்:

பிழைக்க வந்த ஊரில் இருபது வருடம் இருந்தாலும் "உங்களுக்கு எந்த ஊர்?" என்ற கேள்வி விடாது. விஜயநகரில் வாடகை வீடு பிடித்து வாழும் தமிழர்களுக்கு இது பழகிப்போன கேள்வி. ஒரு கால்பந்து வீரர் இதற்குச் சொன்ன பதில் பெரியது. பிறந்த நாட்டின் பாஸ்போர்ட்டையே விட்டுக் கொடுத்துவிட்டார்.

அவர் பெயர் அராட்டா இசுமி. 1982-ம் ஆண்டு ஜூலை 31-ந் தேதி ஜப்பானில் உள்ள ஷிமோனோசெகி நகரில் பிறந்தவர். தாயார் ஜப்பானியர். தகப்பனார் வழி குஜராத். நீல்கண்ட் கம்போல்ஜா என்ற இந்தியப் பெயரும் இவருக்கு உண்டு.

சிங்கப்பூரில் ஆடிய இசுமி, 2006-ல் கல்கத்தா ஈஸ்ட் பெங்கால் கிளப்பில் சேர்ந்தார். பிறகு மும்பை மகிந்திரா யுனைடெட். 2009-ல் புனே எப்.சி. நடுக்களத்தில் ஓயாமல் ஓடும் இவருக்குப் புனேயில்தான் நல்ல பெயர் ஏற்பட்டது.

குறுக்கே நின்ற சட்டம்

வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர், இந்திய வம்சாவளியினராக இருந்தாலும், இந்திய அணியில் ஆட முடியாது என்று மத்திய அரசு 2008-ல் விதி செய்தது. இரட்டைக் குடியுரிமைக்கு ஜப்பானிலும் இடம் இல்லை, இந்தியாவிலும் இல்லை. ஒன்றை விட்டால்தான் இன்னொன்று.

கணக்குப் பார்த்தால் இது நஷ்ட வியாபாரம். 1998 முதல் எல்லா உலகக் கோப்பையிலும் ஆடி வரும் நாடு ஜப்பான். இந்தியா ஒன்றில்கூட ஆடியதில்லை. முன்பு நிலைமை வேறு. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஜப்பானை 2-0 என்ற கோல் கணக்கில் தோற்கடித்த இந்தியா, தங்கப் பதக்கமும் வென்றது. பெங்களூர் அருமைநாயகம் அந்த அணியில் இருந்தவர்.

இருந்தும் 2012-ல் இசுமி ஜப்பானியக் குடியுரிமையைத் துறந்தார். 2013-ல் இந்திய அணியில் ஆடினார். அப்போது வயது 30. ஆட்டக்காரருக்கு 30 என்பது ஆபீஸ்காரருக்கு 55 மாதிரி. அதனால் இந்தியாவுக்காக அவர் ஆடியது சில ஆட்டங்களே.

கிளப் ஆட்டம் மட்டும் தொடர்ந்தது. ஐ.எஸ்.எல். போட்டியில் கல்கத்தா அணிக்காகவும் ஆடினார். பின்னர் கேரளா பிளாஸ்டர்ஸ், மணிப்பூரின் நெரோகா. கல்கத்தா முதல் கொச்சி வரை ரசிகர்கள் இவரை வெளிநாட்டுக்காரராக எண்ணாததற்கு அந்த பாஸ்போர்ட் விஷயம்தான் முக்கிய காரணம் எனலாம்.

சிறுவர்களின் ஆசான்

ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றதும் மூட்டை கட்டிக்கொண்டு ஜப்பானுக்குப் போகவில்லை. ரிலையன்ஸ் அறக்கட்டளையின் இளம் வீரர் பள்ளியில் பயிற்சியாளரானார். பல மாநிலங்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்படும் சிறுவர்கள் அங்கேயே தங்கி, படிப்போடு பந்தும் பழகுகிறார்கள். வீட்டை விட்டு வந்த பிள்ளைகளுக்கு, தாய்நாட்டையே விட்டு வந்தவர் ஆசான்.

இசுமிக்குப் பிறகு இதே வழியில் இன்னொருவர் வர 2025 வரை ஆயிற்று. அந்த ஆண்டு ஆஸ்திரேலிய பாஸ்போர்ட்டை விட்டு இந்தியக் குடிமகன் ஆனவர் ரையன் வில்லியம்ஸ். ஆடும் கிளப், நம் பக்கத்து பெங்களூர் எப்.சி.