கோயில் மேட்டிலிருந்து ஓர் அழைப்பு

"அம்மா, உங்க லைன் சரியா இல்லைங்க. கொஞ்சம் லைன் நல்லா கிடைக்கிற இடத்துக்குப் போயிட்டு மறுபடியும் கூப்பிடுங்க, சரிங்களா?"

வானொலியில் பேச்சு நிகழ்ச்சி நடத்தும் எவரும் வாரத்துக்குப் பத்து முறையாவது சொல்லும் வாக்கியம் இது. நானும் சொல்லியிருக்கிறேன். பணிவாகத்தான் சொல்வோம். சொல்லி முடிப்பதற்குள் கை அழைப்பைத் துண்டித்துவிடும்.

கடந்த ஆண்டு ஒரு நாள், இங்கேயே பிறந்தும் சிவப்பு அடையாள அட்டையோடு வாழும் மூத்தவர்களைப் பற்றி நேரலையில் பேசிக்கொண்டிருந்தோம். சிறப்பு விருந்தினர் ஒரு வழக்கறிஞர். கோலாலம்பூரில் தம் அலுவலகத்திலிருந்து, மடிக்கணினியில் நல்ல ஒலிவாங்கியைப் பொருத்திக்கொண்டு பேசினார். எதிரே உட்கார்ந்து பேசுவது போல அவர் குரல் தெளிவாக இருந்தது. நடுவில் பேராக் மாநிலத் தோட்டம் ஒன்றிலிருந்து ஓர் அம்மா அழைத்தார். குரல் உடைந்து உடைந்து வந்தது. காற்று இரைந்தது. நான் ஒரு கேள்வி கேட்டேன், பதில் இல்லை. மறுபடி கேட்டபோது அவரும் பேசினார். இருவர் குரலும் மோதிக்கொண்டன. 22 விநாடிகளில் மேலே சொன்ன வாக்கியத்தைச் சொல்லி அழைப்பை முடித்துவிட்டேன். அவர் திரும்ப அழைக்கவில்லை.

ஒலிபரப்பாகும் அனைத்தும் எங்களிடம் பதிவாகும். மறுநாள் சமூக ஊடகத்துக்கு ஒரு துண்டை வெட்டி எடுப்பதற்காக அந்தப் பதிவை ஹெட்போனில் கேட்டேன். நான் குறுக்கே பேசிய இடத்தில், என் குரலுக்கு அடியில் அந்த அம்மாவின் குரல் இருந்தது. நான்கைந்து முறை திரும்பத் திரும்பக் கேட்ட பிறகுதான் சொற்கள் பிடிபட்டன.

"கோயில் மேட்டுல ஏறி நின்னுதான் தம்பி பேசறேன். இங்கதான் லைன் கெடைக்கும்."

நல்ல இடத்துக்குப் போய் அழைக்கச் சொல்லி நான் அனுப்பியது, தோட்டத்திலேயே நல்ல இடத்தைத் தேடி ஏறி வந்து நின்ற ஒருவரை.

300 முதல் 3,400 வரை

தொலைபேசியில் குரல் ஏன் மெலிந்துபோகிறது? பல்கலைக்கழகத்தில் ஊடகத் துறையில் படித்தபோது தேர்வுக்காக மனப்பாடம் செய்த விடை இது. அதன் பொருள் வேலைக்கு வந்த பிறகுதான் விளங்கியது.

மனிதக் காது ஏறக்குறைய 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளைக் கேட்கும். எஃப்எம் வானொலி 15,000 ஹெர்ட்ஸ் வரை அனுப்புகிறது. பழைய தொலைபேசி முறையோ 300க்கும் 3,400க்கும் இடைப்பட்டதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடும். பேச்சு புரிய அது போதும், கம்பியில் இடமும் மிச்சம் என்பது அன்றைய கணக்கு.

வெட்டுப்படுவது எது? 'ஸ', 'ஃப' போன்ற ஒலிகளின் பெரும்பகுதி 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் இருக்கிறது. வங்கிக்கோ காப்புறுதி நிறுவனத்துக்கோ பேசும்போது, "எஃப்பா, எஸ்ஸா?" என்று மூன்று முறை கேட்கிறார்களே, அதற்குக் காரணம் இதுதான். கீழ்ப்பக்கமும் இழப்பு உண்டு. ஆண் குரலின் அடித்தளம் பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸை ஒட்டியும், பெண் குரலின் அடித்தளம் 200 ஹெர்ட்ஸை ஒட்டியும் இருக்கும். இரண்டுமே தொலைபேசி வாசலுக்கு வெளியே நின்றுவிடுகின்றன. விட்டுப்போனதை நம் மூளை ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. ஆனால், குரலின் கனம் திரும்பி வருவதில்லை.

இன்றைய 4ஜி அழைப்புகள் 50 முதல் 7,000 ஹெர்ட்ஸ் வரை கொண்டுவரக்கூடியவை. அதற்கு இரு முனைகளும், இடையிலுள்ள இணைப்பும் ஒத்துழைக்க வேண்டும். ஓர் இடத்தில் பழைய இணைப்பு இருந்தாலும் எல்லாம் மீண்டும் 3,400க்கு இறங்கிவிடும். இணையவழி அழைப்புகளில் பயன்படும் ஓபஸ் என்ற ஒலிச் சுருக்க முறை 2012இல் தரப்படுத்தப்பட்டது. அதில் 20,000 ஹெர்ட்ஸ் வரை அனுப்ப முடியும். ஆனால், இணையம் திணறும் இடத்தில் தரவுத் துண்டுகள் தொலைந்துபோகும். இடைவெளியை மென்பொருள் இட்டு நிரப்பப் பார்க்கும். 'ரோபோ குரல்' என்று நாம் சொல்வது அதைத்தான்.

தாமதம் இன்னொரு தொல்லை. குரல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 150 மில்லி விநாடிக்குள் போய்ச் சேர்ந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்கிறது அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதைத் தாண்டினால் நாம் கேட்டது போய்ச் சேரும் முன்பே, 'பதில் சொல்லத் தயங்குகிறாரோ' என்று நினைக்கத் தொடங்கிவிடுவோம். மறுபடி கேட்போம். அதே நேரத்தில் அவர் பதில் வந்து மோதும். கோயில் மேட்டு அம்மாவுக்கும் எனக்கும் நடந்தது இதுவே.

தெளிவான குரல் என்றால் நம்பிக்கையா?

ஒலி கெட்டால் கேட்பவருக்கு எரிச்சல், அவ்வளவுதானே என்று நினைக்கலாம். எரின் நியூமன், நோர்பெர்ட் ஷ்வார்ஸ் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று அப்படி இல்லை என்கிறது. மாநாட்டு உரைகளையும், வானொலியில் வந்த அறிவியல் நேர்காணல்களையும் எடுத்துக்கொண்டார்கள். சிலருக்கு நல்ல ஒலியிலும், வேறு சிலருக்குக் கெடுத்த ஒலியிலும் போட்டுக் காட்டினார்கள். பேசியவரும் ஒருவரே, சொற்களும் அவையே. மோசமான ஒலியில் கேட்டவர்கள் அந்த ஆய்வையே குறைத்து மதிப்பிட்டார்கள். பேசிய ஆராய்ச்சியாளரின் அறிவுக்கும் குறைந்த மதிப்பெண் கொடுத்தார்கள்.

படித்த விஞ்ஞானிக்கே இந்தக் கதி என்றால், தோட்டத்து லயத்திலிருந்து பேசும் ஒருவரைப் பற்றி நேயர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? வழக்கறிஞரின் குரல் தெளிவாக வந்தது. அதனால் அவர் விவரம் தெரிந்தவர். அம்மாவின் குரல் உடைந்து வந்தது. அதனால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்படித்தான் காது தீர்ப்பு எழுதுகிறது. அன்று முதலில் அந்தத் தீர்ப்பை எழுதியவன் நான். அந்த நிகழ்ச்சியில் பேசியவர்களிலேயே சிவப்பு அட்டையோடு வாழ்பவர் அவர் ஒருவர்தான்.

அலமாரியும் போர்வையும்

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, எங்கள் விருந்தினர்கள் எல்லாரும் ஒரே நாளில் கலையகத்திலிருந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். அப்போது கற்றுக்கொண்ட ஒன்று: பல வீடுகளில் இணையத்தைவிடப் பெரிய வில்லன் அறைதான். நம் வீடுகளில் தரையெல்லாம் ஓடு, சுவரெல்லாம் வெறும் சிமெண்டு. குரல் மோதி மோதித் திரும்பி, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலிருக்கும். மெத்தை, திரைச்சீலை, துணி நிறைந்த அலமாரி ஆகியவை எதிரொலியைக் குடித்துவிடும். அலமாரிக் கதவைத் திறந்து அதன் எதிரே உட்கார்ந்து பேசிய மருத்துவர் ஒருவரின் நேர்காணல், அந்த ஆண்டு நாங்கள் ஒலிபரப்பியவற்றில் ஆகத் தெளிவானது. நிறுத்தி வைத்த கார்கூட நல்ல கலையகமே.

இன்னொரு வழி, விருந்தினர் தம் கைப்பேசியிலேயே தம் குரலைப் பதிவுசெய்து பிறகு அனுப்புவது. வழியில் எதுவும் தொலைவதில்லை. நாங்கள் கேள்விகளோடு சேர்த்து ஒட்டிக்கொள்வோம். நேரலைக்கு இது உதவாது. ஆனால், லைன் திணறும் இடத்தில் இருப்பவருக்கு இதைவிட நியாயமான வழி இல்லை. பதிவு போய்ச் சேர அரைமணி நேரம் ஆனாலும் குரல் முழுதாக வந்து சேரும்.

அதைத்தான் அந்த அம்மாவுக்கும் செய்தோம். அவர் எண் தயாரிப்பாளரிடம் இருந்தது. முதலில் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல தம்பி, எனக்கும் பேசத் தெரியல" என்றார். இல்லைம்மா, எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லை என்றேன். மறுநாள் காலை, காற்றாடியை நிறுத்திவிட்டு, கட்டிலில் உட்காரவைத்து, பேரன் தன் கைப்பேசியில் பதிவுசெய்தான். தகரக் கூரை வீடு என்பதால் மழை இல்லாத நேரமாகப் பார்த்துக்கொண்டான். பிறகு அவனே கோயில் மேட்டுக்கு ஏறி அனுப்பிவைத்தான்.

3 நிமிடம் 40 விநாடி. லயத்து வீட்டில் மருத்துவச்சி கையில் பிறந்தது, பிறப்பைப் பதிய யாரும் போகாதது, நான்கு முறை மனு கொடுத்தது எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். பேசத் தெரியாதவர் பேச்சு அல்ல அது. அடுத்த வாரம் ஒலிபரப்பினோம். வழக்கறிஞர் மீண்டும் வந்து, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பதிவு எங்காவது இருக்கிறதா எனத் தேடச் சொன்னார். தேடிக்கொண்டிருக்கிறார்கள். மனு இன்னும் முடியவில்லை.

வானொலிக்கு அழைக்கப் போகிறீர்களா?

வீட்டு வானொலியை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் குரலே உங்களைத் துரத்தும். ஸ்பீக்கரில் போடாமல் கைப்பேசியைக் காதில் வைத்துப் பேசுங்கள். புளூடூத் காதணியைக் கழற்றிவிடுவது நல்லது. அதன் ஒலிவாங்கி வேலை செய்யத் தொடங்கியதும் பல சாதனங்களில் ஒலித்தரம் இறங்கிவிடும். காற்றாடிக்கு அடியில் உட்காராதீர்கள். கேள்வி முடிந்தபின் ஒரு கணம் விட்டுப் பேசுங்கள்.

இவற்றில் எதுவும் முடியாத இடத்திலிருந்தாலும் அழையுங்கள். அந்த நாளுக்குப் பிறகு எங்கள் நிகழ்ச்சியில் சில மாற்றங்கள் செய்திருக்கிறோம். நேயரை இணைக்கும் முன் தயாரிப்பாளர் ஒரு நிமிடம் பேசி, லைனைச் சோதித்து, அவர் சொல்லவருவதைக் குறித்துத் தருகிறார். குரல் உடைந்தால், "அம்மா சொன்னது இது" என்று நான் திரும்பச் சொல்கிறேன். லைன் அறவே கிடைக்கவில்லை என்றால் வாக்கியத்தையும் மாற்றிவிட்டேன்.

"அம்மா, உங்க நம்பர் எங்ககிட்ட இருக்கு. நாங்களே கூப்பிடறோம்."

நிகழ்ச்சி முடிந்ததும் அழைக்கிறோம்.