கோயிம்ப்ராவுக்குப் போகிறவர்களுக்கு

சுங்கை பாக்காப் ஒட்டுக்கடையில் தே தாரிக் வந்ததும் பக்கத்து நாற்காலித் தம்பி கேட்டார்: "அண்ணே, குடும்பத்தோட போர்த்துகல் போறோம். லிஸ்பன் மட்டும் போதுமா? கோயிம்ப்ராவையும் பாக்கச் சொல்றாங்க. அங்க அப்படி என்ன இருக்கு?" இரண்டு வரியில் முடிக்கிற பதில் இல்லை இது.

லிஸ்பனுக்கு வடக்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர், ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். மொண்டேகு ஆற்றங்கரைக் குன்றின்மேல் ஊர். மன்னர் தினிஸ் 1290இல் லிஸ்பனில் தொடங்கிய பல்கலைக்கழகம் பலமுறை இடம் மாறி, 1537இல் மூன்றாம் ஜுவாவ் மன்னர் காலத்தில் இங்கே நிலைகொண்டது. அங்கிருந்த அரண்மனையே வகுப்பறைகளாயிற்று. நம் ஜார்ஜ்டவுன் 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. கோயிம்ப்ரா பல்கலைக்கழகம் 2013இல் ஏறியது.

எல்லாரும் தேடிப் போவது ஜொவானினா நூலகத்தை. 1717இல் தொடங்கி 1728இல் முடித்த கட்டடம். பச்சை, சிவப்பு, கறுப்பு மெருகேற்றிய அலமாரிகளில் பொன்னால் சித்திர வேலை. கூரை தொடுமளவு புத்தகங்கள். உள்ளே சிறு வௌவால்கள் குடியிருக்கின்றன. தாளை அரிக்கும் பூச்சிகளை இரவில் அவை தின்றுவிடும். அதனால் யாரும் விரட்டுவதில்லை. மாலையில் மேசைகள்மேல் தோல் விரிப்பைப் போர்த்திவிட்டு, காலையில் எச்சத்தைத் துடைத்துச் சுத்தம் செய்கிறார்கள். நேரம் குறித்த சீட்டில்தான் உள்ளே விடுவார்கள்; முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

கறுப்பு மேலங்கி போர்த்திய மாணவர்கள் பாடும் ஃபாடோ இசையையும் ஓர் இரவு கேட்டுவிடுங்கள். ஆனால் தமிழர்கள் அந்த ஊருக்குப் போகவேண்டிய காரணம் வேறொன்று என்பேன்.

1520இல் விலா விசோசா என்ற ஊரில் பிறந்த ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் இந்தப் பல்கலைக்கழகத்தில்தான் திருச்சபைச் சட்டம் படித்தார். யூத வம்சாவளி என்பதால் பிரான்சிஸ்கன் சபையில் அவரால் நீடிக்க முடியவில்லை. 1545இல் கோயிம்ப்ராவிலேயே இயேசு சபையில் சேர்ந்தார். மறு வருடம் கோவா, அதற்கடுத்து முத்துக்குளித்துறை. புன்னைக்காயலில் தங்கி, மொழிபெயர்ப்பாளரை நம்பியிராமல் தமிழைத் தாமே கற்று, போர்த்துகீசியத்தில் தமிழுக்கு ஓர் இலக்கணமும் எழுதினார்.

1578 அக்டோபரில் கொல்லத்தில் அவருடைய 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியது. பதினாறே பக்கம். தமிழ் எழுத்துகளை ஈயத்தில் வார்த்து அச்சடித்த நூல்களில் இன்று நம் கையில் இருப்பவற்றுள் மிகப் பழையது அதுதான். 1586இல் அவருடைய 'அடியார் வரலாறு' என்ற நூல் வந்தது. 1600இல் காலமாகும்வரை அவர் பெரும்பாலும் முத்துக்குளித்துறையிலேயே இருந்தார். நம்மவர்கள் அவரை அண்டிரிக் அடிகளார் என்று சொந்தமாக்கிக்கொண்டார்கள்.

சமயம் பரப்பத்தான் வந்தார். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஓலையில் இருந்த எழுத்தை ஈயத்துக்குக் கொண்டுவந்த உழைப்பு நம் வரலாற்றில் ஒரு திருப்பம்.

அந்த வரலாற்றை உலகுக்கு எடுத்துச் சொன்னவர்களில் முதன்மையானவர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த தனிநாயகம் அடிகள். அம்பலக்காட்டில் 1679இல் அச்சான புரோயென்சா பாதிரியாரின் தமிழ்-போர்த்துகீசிய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுத்தார். முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டிய 1966இலேயே அதை மறுபதிப்பாகவும் கொண்டுவந்தார். போர்த்துகலுக்கும் நமக்கும் உள்ள தமிழ் உறவைத் துலக்கிய வேலையில் ஒரு பங்கு நம் நாட்டில் நடந்தது என்பது பினாங்குப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஒன்றைக் கவனியுங்கள்: கோயிம்ப்ராவின் அந்தப் பொன் நூலகத்தை அண்டிரிக் அடிகளார் பார்த்ததில்லை. அவர் காலத்துக்கு நூறு வருடங்களுக்கும் மேல் பிந்தியது அது. அவர் கண்ணில் பட்டிருக்கக்கூடியது பன்னிரண்டாம் நூற்றாண்டில் கட்டிய பழைய பேராலயம்; அது கோட்டைபோல் தடித்த கற்சுவரோடு சரிவில் நிற்கிறது. ஆகவே முதலில் அங்கே போங்கள். பிறகு மேலே ஏறி அரண்மனை முற்றம், நூலகம் கடைசியில். பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள், 'தம்பிரான் வணக்க'த்தின் முதல் பக்கப் படத்தை வீட்டிலேயே ஒருமுறை காட்டி, எழுத்துக்கூட்டிப் படிக்க வைத்துவிட்டுப் புறப்படுங்கள்.