கடல் கடந்த இசைக்கல்வி: பினாங்கு மாணவரை முன்வைத்து ஒரு நோக்கு

எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவரும் காலத்தில் பினாங்கில் தமிழாசிரியர்களை நாடி வரும் பெற்றோருள் ஒருசிலர் சற்று வேறுபட்ட வினா ஒன்றை எழுப்புவதுண்டு. பிள்ளை நன்றாகப் பாடுகிறான். அவனைச் சென்னைக்கு அனுப்பி முறையாக இசை பயிலச் செய்யலாமா என்பதே அவ்வினா. தமிழகத்தில் சில ஆண்டுகள் தங்கிப் பயின்றவன் என்ற முறையில் கட்டுரையாளரிடமும் இது கேட்கப்பட்டுள்ளது. தொடக்கத்தில் குரல்வளம், கட்டணம், விடுதி ஆகியவற்றைக் கருதியே விடையளித்து வந்தேன். அவ்விடை போதாது என்பதைப் பின்னரே உணர்ந்தேன். செல்லுமுன் மாணவர் எவ்வளவு கேட்டிருக்கிறார், திரும்பியபின் அவர் காலூன்ற என்ன இடம் இருக்கிறது என்னும் இரண்டுமே இக்கல்வியின் பயனை உறுதிசெய்கின்றன. இக்கருத்தை வரலாற்றுச் சான்றுகள் சிலவற்றின் துணையுடன் விளக்க இக்கட்டுரை முற்படுகிறது.

பினாங்கில் நமது இசை கடல் கடந்தே வந்தது. ஜோர்ஜ் டவுன் குயீன் வீதியில் 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில் முதலாகப் பல கோயில்களின் மங்கல இசைக்குத் தமிழக நாதசுரக் கலைஞர்களை வரவழைப்பது நெடுநாள் வழக்கம். சென்னை, நாகப்பட்டினம் துறைமுகங்களிலிருந்து வந்த ரஜூலாவும் பின்னர் வந்த சிதம்பரமும் பயணிகளோடு தவிலையும் நாதசுரத்தையும் சுமந்து வந்தன. கலைஞர் இங்கு வந்தனர். கற்போர் அங்குச் செல்வது அரிதாகவே இருந்தது. சுவாமி சாந்தானந்த சரஸ்வதி 1981இல் கோலாலம்பூரில் தோற்றுவித்த 'டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ்' பினாங்கிலும் கிளை பரப்பியபின், இசை பயிலும் சிறுவர்க்கு உள்ளூரிலேயே ஒரு நிலைக்களம் கிடைத்தது. எனினும் வாரத்திற்கு ஓரிரு மணி நேர வகுப்பில் பயின்றவர் நாள்தோறும் இசை நடக்கும் ஊருக்குச் செல்லும்போது நேர்வது என்ன?

முதலில் நேர்வது ஏமாற்றம். இங்கு வர்ணங்களையும் கிருதிகளையும் பாடி மேடையேறியவரைப் புதிய ஆசிரியர் மீண்டும் சரளி வரிசையில் அமர்த்துவதுண்டு. இதனை இழிவெனக் கருதி முதலாண்டிலேயே ஊர் திரும்பியோர் உளர். உண்மையில் ஆசிரியர் நோக்குவது பாடலை அன்று. சுருதியோடு குரல் ஒன்றி நிற்கிறதா, மூன்று காலங்களிலும் தாளம் பிறழாமல் நடக்கிறதா என்பதையே.

அடுத்த இடர் இதனினும் ஆழமானது. ஆரபி, தேவகாந்தாரி ஆகிய இரு இராகங்களின் ஆரோகண அவரோகணங்களை ஏட்டில் எழுதினால் அவை ஒன்றுபோலவே தோன்றும். ஆரபியில் காந்தாரமும் நிடாதமும் நீண்டு நில்லா. நடையில் விரைவு மிகும். தேவகாந்தாரியோ அசைவுகளுடன் நிதானமாக நடப்பது. இவ்வளவும் எழுதிக் காட்டலாம். ஆயினும் இதனை எழுத்தால் அறிந்தவர் எவரும் அவ்விராகங்களைப் பாடிவிட இயலாது. நம் முன்னோர் கேள்விஞானம் என்றது இதனையே. மயிலாப்பூரில் வளரும் சிறுவன் இதனை வீட்டுத் திண்ணையிலும் கோயில் வாயிலிலும் தன்னையறியாமலே பெறுகிறான். பதினெட்டு அகவையில் சென்று இறங்கும் நம் மாணவர் அதனைத் தேடித்தான் பெறவேண்டும். ஆலாபனை, நிரவல், கற்பனைச்சுரம் ஆகிய மனோதர்மப் பகுதிகள் அனைத்தும் இக்கேள்வியின் மேல் எழுவன ஆதலின், வகுப்பில் தேர்ந்த மாணவர்கூட இவ்விடத்தே தயங்கி நிற்கக் காண்கிறோம்.

இக்குறையைக் கடக்க இயலுமா என்பதற்குத் தக்க சான்று ஜான் ஹிக்கின்ஸ் (1939–1984) என்னும் அமெரிக்கரின் வாழ்க்கை. தமிழோ தெலுங்கோ வழங்காத சூழலில் பிறந்தவர் அவர். வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் இந்திய இசையை அறிமுகப்படுத்திய ராபர்ட் பிரவுனிடமும், அங்கு மிருதங்கம் கற்பித்த தி. ரங்கநாதனிடமும் முதற்பயிற்சி பெற்ற பின்னரே, ஃபுல்பிரைட் உதவித்தொகையுடன் 1964 அளவில் சென்னை வந்தார். அங்கு வீணை தனம்மாளின் பேரரும் பாலசரஸ்வதியின் இளவலுமாகிய புல்லாங்குழல் கலைஞர் தி. விசுவநாதனிடம் வாய்ப்பாட்டுப் பயின்றார். குறுகிய காலத்திலேயே திருவையாற்றுத் தியாகராச ஆராதனையில் பாடினார். ஹிக்கின்ஸ் பாகவதர் என்று அவரை இரசிகர்கள் வழங்கியமை பலரும் அறிந்தது. அவரது வெற்றியை வியப்புச் செய்தியாக மட்டும் கூறிக் கடப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அவர் வெற்றுக் காதுடன் வந்திறங்கவில்லை என்பதே கருதத்தக்கது. கற்பித்த விசுவநாதனும் 1958 முதல் 1960 வரை கலிபோர்னியாவில் இசையியல் பயின்றவர். அயலகத்தில் மாணவராய் இருப்பதன் இன்னலைத் தாமே அறிந்தவர். பொருத்தமான ஆசிரியர் வாய்ப்பதில் இவ்வனுபவத்திற்கும் பங்குண்டு என்று கருதுகிறேன்.

திரும்பிய பின்னர் ஹிக்கின்சுக்கு நிற்பதற்கு இடமும் இருந்தது. பரதநாட்டிய இசை பற்றிய ஆய்வுக்கு 1973இல் முனைவர் பட்டம் பெற்றார். அதற்கு முன்பே, 1971இல், திருச்சி சங்கரனுடன் இணைந்து டொரொண்டோ யோர்க் பல்கலைக்கழகத்தில் இந்திய இசைக்கல்வியைத் தொடங்கியிருந்தார். அதுபோன்றே பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி 1931இல் மியூனிக் சென்று மேலை இசையும் ஒப்பியல் இசையும் கற்றார். 1937 முதல் சென்னைப் பல்கலைக்கழக இசைத்துறையே அவர் கற்றதைப் பயன்படுத்தும் களமாயிற்று.

தனிமனிதரை விடுத்து ஒரு சமுதாயமாக நோக்கின் யாழ்ப்பாணமே நமக்கு நெருங்கிய எடுத்துக்காட்டு. இராஜா அண்ணாமலைச் செட்டியார் 1929இல் சிதம்பரத்தில் நிறுவிய இசைக்கல்லூரி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பகுதியானபின், ஈழத்து இளைஞர் பலர் அங்குச் சென்று 'சங்கீத பூஷணம்' பட்டத்துடன் திரும்பினர். திரும்பியோர்க்குப் பள்ளிகளில் இசையாசிரியர் பணி இருந்தது. வட இலங்கைச் சங்கீத சபை படிநிலைத் தேர்வுகளை நடத்தியது. 1960இல் மருதனார்மடத்தில் எழுந்த இராமநாதன் இசைக் கல்லூரி பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. இவ்வாறு ஒரு தலைமுறை கற்று வந்ததை அடுத்த தலைமுறை உள்ளூரிலேயே கற்க வழி ஏற்பட்டது.

மலேசியாவில் இத்தகைய அமைப்பு உருவாகவில்லை. கருநாடக இசை நம் இடைநிலைப் பள்ளிகளில் தேர்வுப் பாடமாக வேரூன்றவில்லை. எனவே திரும்பி வருபவர் பெரும்பாலும் தனிவகுப்புகளையும் கோயில் நிகழ்ச்சிகளையும் நம்பியே வாழ நேர்கிறது. இதனைப் பெற்றோரிடம் மறைப்பது முறையன்று.

ஆகவே சான்றிதழைப் பற்றியும் முன்கூட்டியே வினவ வேண்டும். 1936இல் ருக்மிணி தேவி தோற்றுவித்த கலாக்ஷேத்திராவின் நான்காண்டுப் படிப்பு பட்டயம் அளிப்பது. அதன் கலைச்சிறப்பு ஐயத்திற்கு அப்பாற்பட்டது. ஆயினும் ஆசிரியப் பணியோ மேற்படிப்போ நாடுவோர்க்குப் பட்டயமும் பட்டமும் ஒன்றல்ல. எந்த நிறுவனமாயினும் அதன் சான்றிதழ் இங்கு எவ்வாறு மதிப்பிடப்படும் என்பதைச் சேருமுன் மலேசியத் தகுதி முகமையிடம் கேட்டறிவது நலம். ஒரு வித்துவானின் இல்லத்திலேயே தங்கிக் கற்க விழைவோர் வேறொன்றையும் கருத வேண்டும். இந்திய மாணவர் விசாவுக்கு அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் சேர்க்கைக் கடிதம் தேவை. குருகுலம் கடிதம் தருவதில்லை! கலை பயில வரும் அயலகத்தார்க்கு இந்தியப் பண்பாட்டு உறவுகள் மன்றம் வழங்கும் உதவித்தொகை இவ்விடத்தில் கைகொடுக்கக்கூடும்.

தமிழாசிரியர்க்கும் இதில் பணி உண்டு. நம் மாணவர் பாடும் பதங்களும் திருப்புகழும் சீர்பிரித்து உணரப்படாமலே மனனம் செய்யப்படுகின்றன. நிரவல் செய்யும்போது சொல் எங்கே முடிகிறது என்பதை அறியாதவர் பொருளைச் சிதைத்துவிடுகிறார். 'ழ'கர, 'ற'கர ஒலிப்பைச் சென்னை ஆசிரியர் திருத்தும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வகுப்பில் தேவாரப் பதிகம் ஒன்றை நடத்தும் ஆசிரியர், அதற்குரிய பண்ணின் பெயரைச் சொல்லி, ஓதுவார் ஒருவரின் ஒலிப்பதிவைப் பத்து நிமிடம் கேட்கச் செய்தாலே கேள்விஞானத்திற்குக் கால்கோள் இட்டதாகும்.

சென்ற ஆண்டு இவ்வாறு வினவி வந்த பெற்றோரிடம், மூன்றாண்டுக் கட்டணத்தைக் கட்டுமுன் ஒரு மார்கழி மாதத்தைக் கட்டுங்கள் என்றேன். 2024 டிசம்பரில் சென்னைக்கும் பினாங்குக்கும் நேரடி விமானப் போக்குவரத்துத் தொடங்கியதால் இது முன்போல் பெருஞ்சுமையன்று. 1928இல் தோன்றிய மியூசிக் அகாதமியின் காலை உரையரங்குகளையும் தமிழிசைச் சங்கத்தின் பண் ஆராய்ச்சிக் கூட்டங்களையும் தவறவிட வேண்டாம் எனவும் குறித்துக் கொடுத்தேன். பிள்ளை சென்று திரும்பினான். கல்லூரி விண்ணப்பத்தை இன்னும் நிறைவு செய்யவில்லை. கேட்ட கச்சேரிகளின் இராகங்களைக் குறிப்பேடு ஒன்றில் எழுதி வைத்திருந்தான். அவற்றுள் பதினொன்றின் எதிரே கேள்விக்குறி இட்டிருந்தான். அக்குறிகளைத் தீர்த்துக்கொள்ள இப்போது வாரந்தோறும் தன் உள்ளூர் ஆசிரியரிடம் செல்கிறான்.