லாரி புதிது, என்ஜின் பழையது! எந்த ஆண்டை கணக்கில் எடுப்பது?

நெருள் வழியாக செல்லும் சயான்-பன்வேல் நெடுஞ்சாலையில் இரவு பகலாக லாரிகள் ஓடுகின்றன. வாஷி மார்க்கெட்டுக்கு வெங்காயம், களம்போலிக்கு இரும்பு, நவசேவா துறைமுகத்துக்கு கண்டெய்னர். நாமக்கல், சங்ககிரி லாரிகளும் அவற்றில் உண்டு.

டிரைவர் தூங்கி எத்தனை மணி நேரம் ஆயிற்று? அது அவருக்குத்தான் தெரியும்.

அமெரிக்காவில் இதை கண்டுபிடிக்க ஒரு கருவி வைத்து இருக்கிறார்கள்.

தானாக பதிவாகும்

அங்கு சரக்கு லாரி டிரைவர் 10 மணி நேரம் ஓய்வு எடுத்த பிறகே வண்டியை எடுக்கலாம். அதன் பின் 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம் மட்டுமே ஓட்டலாம். முன்பு இந்த கணக்கை டிரைவரே நோட்டில் எழுதினார். பொய்க்கணக்கும் எழுதப்பட்டது.

எனவே, 2017-ம் ஆண்டு டிசம்பர் 18-ந்தேதி முதல் வெளியூர் செல்லும் பெரும்பாலான லாரிகளுக்கு மின்னணு கருவி கட்டாயம் ஆனது. அதை என்ஜினுடன் இணைப்பார்கள். வண்டி ஓடினால் நேரம் தானாக பதிவாகும்.

பழைய என்ஜினுக்கு விலக்கு

2000-ம் ஆண்டுக்கு முந்திய மாடல்களுக்கு விலக்கு கொடுத்தார்கள். பழைய என்ஜின்கள் பலவற்றில் இந்த கருவியை இணைக்க வசதி இல்லை.

இதில் ஒரு சிக்கல். புதிய சேசிஸ், புதிய கேபின் வாங்கி, பழைய என்ஜினை செப்பனிட்டு பொருத்தி ஓட்டுகிறவர்கள் அங்கு உண்டு. "கிளைடர்" என்று அதற்கு பெயர். லாரி 2015 மாடலாக இருக்கும். என்ஜின் 1999 ஆக இருக்கும்.

எந்த ஆண்டை பார்ப்பது? "என்ஜினின் ஆண்டைத்தான்" என்று அரசு விளக்கம் தந்தது. என்ஜின் மாற்றியதற்கான பத்திரங்களை கம்பெனி தன் அலுவலகத்தில் வைத்திருக்க வேண்டும்.

ஆனால், விலக்கு கருவிக்கு மட்டும்தான். ஓய்வு நேர சட்டத்துக்கு விலக்கு இல்லை. கருவி இல்லாத டிரைவர் நோட்டில் எழுதியே ஆகவேண்டும்.

இங்கு எப்படி?

நம் நாட்டில் 1961-லேயே மோட்டார் தொழிலாளர் சட்டம் வந்தது. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி நேர வேலை. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, இடையில் அரை மணி ஓய்வு என்றது அது. 2025 நவம்பர் 21-ந்தேதி அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் 8 மணி நேர வேலை உண்டு.

விமானிகளைப்போல லாரி டிரைவர்களுக்கும் நேரம் நிர்ணயிக்க வேண்டும், தூக்கத்தை கண்டறியும் கருவி பொருத்த வேண்டும் என்று மத்திய மந்திரி நிதின் கட்காரி 2021 செப்டம்பரில் கூறினார்.

சட்டம் உண்டு, கணக்குதான் இல்லை. டிரான்ஸ்போர்ட் ஆபீசில் டிரிப் ஷீட் எழுதும் கிளார்க்குகள் நம்மவரில் பலர். வண்டி புறப்பட்ட நேரத்தையும், நின்ற நேரத்தையும் உள்ளபடி எழுதுங்கள். டிரைவர்களே, நீங்களும் ஒரு சிறு நோட்டில் தேதி போட்டு குறித்து வையுங்கள். நாளை ஒரு விபத்து என்றால், ஓய்வு கொடுக்காமல் ஓட்டச் சொன்னது யார் என்பதை உங்கள் குடும்பத்துக்காக எடுத்துச்சொல்ல அந்த நோட்டாவது இருக்கும்.